சுவரில் மறைந்த கட்டில்: வில்லியம் லோரன்ஸ் மேர்பியின் வாழ்வு

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரையும் புலவரையும் அடியாரையுமே நாடுவர். அது தக்கதே. ஆயினும், நாடோறும் நாம் கையாளும் பொருள்களை ஆக்கித் தந்தோரின் வரலாறும் ஒரு சிறிது அறியத்தக்கதாகும். நம் இலக்கியங்களிற் கட்டில் பேசப்படும் இடங்களை எண்ணிப் பாருங்கள். நெடுநல்வாடையில், போர்மேற் சென்ற பாண்டியனைப் பிரிந்து வருந்தும் அரசமாதேவி கிடப்பது யானைக்கோடு கொண்டு இழைத்த வட்டக் கட்டிலில். அதன் செய்தொழிற் சிறப்பை நக்கீரர் விரித்தே உரைக்கின்றார். புறநானூற்றில், முரசுகட்டில் என்று அறியாது அதன்மேல் ஏறித் துயின்ற மோசிகீரனாரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் எறியாது, கவரி கொண்டு வீசி நின்றான். இவை யாவும் அரண்மனைக் கட்டில்கள். ஒற்றை அறையில் உண்டு, உறங்கி, வந்தாரையும் வரவேற்க வேண்டிய ஓர் ஏழையின் கட்டிலைப் பாடினார் இலர். அத்தகைய கட்டிலுக்குப் பெயர் தந்த ஒருவரின் வாழ்வையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

அவர் பெயரை யான் அறிந்த வகை சிறிது நகைப்புக்குரியது. எங்கள் வீடு முன்னோர் கட்டிய சிறு வீடு. உள்ளறை ஒன்று, முன்னறை ஒன்று, ஒரு விறாந்தை. உள்ளறையில் எண்பது கடந்த என் தாயாரும் அவருக்குத் துணையாக என் மனைவியும் படுப்பர். யான் முன்னறையிற் படுப்பேன். மாலையில் அம்முன்னறையிலேயே மாணவர் சிலர் இலக்கணம் கற்க வருவர். கட்டில் அறையிற் பாதியைக் கவர்ந்துகொண்டமையால் ஐவர்க்கு மேல் இருக்க இடம் இல்லை. ஏனையோர் விறாந்தையில் இருப்பர். மாரியில் அவர்கள் ஏடுகள் நனையும். ஒரு மாணவி நனைந்த ஏட்டை அடுப்படியிற் காயவைத்துக்கொண்டு நின்றதைக் கண்ட நாளில் இதற்கு ஒரு வழி காணல் வேண்டும் எனத் துணிந்தேன். எங்கள் அயலில் வாழும் தச்சர் ஒருவரிடம் சென்று கூற, அவர் மேர்பி செய்யலாம் என்றார். யான் அதனை ஏதோ ஒரு வெளிநாட்டு மரத்தின் பெயராக எண்ணி, அது கறையான் அரியாததோ என வினவினேன். அவர் சிரித்தார். பகலிற் சுவரோடு நிமிர்ந்து நின்று, இரவில் இறங்கிக் கட்டிலாகும் பொருளுக்கு அப்பெயர் என்பதையும், அது மரத்தின் பெயர் அன்று, ஒரு மனிதரின் பெயர் என்பதையும் பின்னரே அறிந்தேன். அறிந்தபின் அம்மனிதர் யாவர் எனத் தேடாதிருக்க என்னால் இயலவில்லை.

வில்லியம் லோரன்ஸ் மேர்பி ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவைச் சேர்ந்தவர். 1848ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் அந்நாட்டின் கொலோமா என்னும் இடத்தில், மரம் அரியும் ஆலை ஒன்றை அமைத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்சல் என்பார் நீரோட்டத்திற் பொற்றுகள் கண்டார். செய்தி பரந்தது. அடுத்த ஆண்டில் உலகின் பல மூலைகளிலிருந்தும் பல்லாயிரவர் கப்பலேறியும் வண்டியேறியும் அங்கே குவிந்தனர். அவ்வாறு எழுந்த ஊர்களுள் ஒன்று கொலம்பியா. 1850இல் அங்கே பொன் காணப்பட்டது. சில ஆண்டுகளுள் கடைகளும் விடுதிகளும் நிறைந்த பட்டினமாக அது வளர்ந்தது. பொன் வற்றியதும் விரைந்து தேய்ந்தது. அவ்வூரில், பொன் தேடி வந்த ஒருவரின் மகனாகப் பிறந்தவரே மேர்பி. தந்தையர் தோண்டிய குழிகளும் வெறிதான வீடுகளும் எஞ்சிய நிலத்தில், உழைப்பன்றி வேறு முதுசொம் இல்லாதவராக அவர் வளர்ந்தார்.

இளமையில் அவர் செய்த தொழில்கள் பல. அடங்காக் குதிரைகளைப் பழக்கினார். பயணிகளையும் அஞ்சலையும் ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகளை ஓட்டினார். சிற்றூர் ஒன்றிற் சட்டங்காக்கும் அலுவலரின் துணைவராகவும் பணி செய்தார். இவற்றுள் எதுவும் தச்சுத் தொழில் அன்று, கட்டிற்றொழிலும் அன்று. ஆயினும் இத்தொழில்கள் அவருக்குக் கற்பித்தது ஒன்று உண்டு என்று கருதுகின்றேன். அடங்காக் குதிரையை வலிமையால் மட்டும் வெல்லுதல் அரிது. அதன் வலிமையை அதனோடேயே பொருதச் செய்து, அது தானே தணியுமாறு விடுதல் வேண்டும். பின்னாளில் அவர் பாரமான கட்டிலை அடக்கிய முறையும் அத்தகையதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் காலத்தில் மேர்பி சான் பிரான்சிஸ்கோ நகரை அடைந்தார். அப்பொழுது அந்நகரின் மக்கட்டொகை ஏறத்தாழ 3,43,000. பொன் தந்த செல்வத்தாற் பெரு மாளிகைகளும் இசையரங்குகளும் எழுந்த நகரம் அது. தொழில் தேடி வந்த இளைஞர்க்கோ மாளிகை இல்லை; வாடகை அறையே உண்டு. மேர்பி புஷ் வீதியில் ஓர் ஒற்றை அறையில் வாழ்ந்தார். அறையிற் பெரும்பகுதியை ஒரு கட்டில் அடைத்துக்கொண்டு கிடந்தது.

அக்காலத்திலேதான் கிளாடிஸ் கேகின் என்னும் இளம் பாடகியாரை அவர் காதலித்தார். அப்பெண்மணி இசைநாடகம் பயின்றவர். மணம் பேசும் இளைஞன் பெண்ணைச் சந்தித்து உரையாடவேண்டின், அதற்குத் தக்க இடம் விருந்தினரை இருத்தும் கூடமே என்பது அந்நாளைய ஒழுக்கம். ஆடவன் ஒருவனின் படுக்கையறையில் நன்மகள் ஒருத்தி காலடி வைத்தல் ஆகாது. இவ்வொழுக்கத்தை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் மேர்பியின் துன்பம் யாது? அவருக்குக் கூடமும் படுக்கையறையும் ஒன்றே. கட்டில் கிடக்கும்வரை அது படுக்கையறை. கட்டில் இல்லையேல் அது கூடம். ஆகவே கட்டிலைப் பகலில் இல்லாமற் செய்தல் வேண்டும். இரவில் மீண்டும் உண்டாக்கல் வேண்டும். வறியவர் ஒருவர் ஒழுக்கத்தை மீறவும் இல்லை. அதனை நொந்துகொண்டு வாளாவிருக்கவும் இல்லை. அறையையே மாற்றத் துணிந்தார்.

அறையின் ஒரு பக்கத்தில் உடைகள் வைக்கும் சிற்றறை ஒன்று இருந்தது. அதன் கதவு நிலையையும் பழைய கதவுப் பிணைச்சல்களையும் கொண்டு, கட்டிலின் தலைப்பக்கத்தை நிலத்தோடு அணித்தாகப் பிணைத்து, மறுபக்கத்தை மேலே தூக்கிச் சிற்றறையினுள் நிறுத்தும் வகை ஒன்றை அவர் அமைத்தார் என்பர். கதவைச் சாத்தியபின் அங்கே கட்டில் இருந்ததற்கு அடையாளமே இல்லை. அறை கூடமாயிற்று. பாடகியார் வந்தார். பின்னர் இருவர்க்கும் மணமும் நிகழ்ந்தது. கண்டுபிடிப்புக்கு உரிமை பெறப் பெண்ணின் தந்தையாரே பணம் கடனாக உதவினார் என்றும் சொல்வர்.

இக்கதையை அப்படியே கொள்ளலாமா? கம்பர்மேலும் ஒளவையார்மேலும் ஏற்றிக் கூறப்படும் கதைகளைக் கேட்டுப் பழகிய நமக்கு இவ்வினா எழுதல் இயல்பு. காதற் கதை குடும்ப மரபாலும் வணிக மரபாலும் வழங்கி வருவது. அரசாங்கப் பதிவுகளோ காதலைப் பதிவதில்லை, பொறியைப் பதிகின்றன. மேர்பியின் முதல் விண்ணப்பங்கள் 1900ஆம் ஆண்டை அண்டியவை. மறையும் கட்டில் என்னும் பெயரால் ஓர் ஆக்கவுரிமை அவருக்கு 1912இல் வழங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வேறு பலவும் கிடைத்தன. கதை மரபையும் பதிவையும் பக்கத்திற் பக்கமாக வைத்து நோக்குமிடத்து, ஒன்றை மற்றொன்று மறுக்கவில்லை. ஒற்றை அறையில் வாழாத ஒருவர்க்கு இத்தகைய எண்ணம் எழுதல் அரிது என்பதையும் நினைத்து, கதையின் உயிர்ப்பகுதியை ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

ஆயினும் மடங்கும் கட்டிலை உலகில் முதற்கண் செய்தவர் மேர்பி என்று கூறுதல் தவறாகும். எகிப்து மன்னன் துத்தன்காமனின் கல்லறை 1922இல் திறக்கப்பட்டபோது, மூன்றாக மடியும் பயணக் கட்டில் ஒன்று அங்கே இருந்தது. அதில் வெண்கலப் பிணைச்சல்கள் இருந்தன. அம்மன்னன் இறந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அமெரிக்காவிலேயே, சிக்காகோ நகரில் மரத்தளவாடக் கடை நடத்திய சாரா கூட் என்னும் கறுப்பினப் பெண்மணி, பகலில் எழுதுமேசையாகவும் இரவிற் கட்டிலாகவும் அமையும் பொருள் ஒன்றைச் செய்து, 1885ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள் ஆக்கவுரிமை பெற்றார். அந்நாட்டில் ஆக்கவுரிமை பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணிகளுள் அவரும் ஒருவர். நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தோரை எண்ணியே அவரும் அதனைச் செய்தார். பியானோப் பெட்டிபோலத் தோன்றும் கட்டில்களும் அக்காலத்தில் விற்கப்பட்டன.

அவ்வாறாயின் மேர்பியின் பெருமை யாது? முன்னையோர் கட்டிலை மடித்துப் பெட்டியினுள் வைத்தனர். பெட்டி அறையில் இடம்பிடித்தது. மேர்பி கட்டிலை மடிக்கவில்லை, முழுமையாகவே நிமிர்த்தினார். அதனைச் சுவரினுள்ளும் கதவின் பின்னும் மறைத்தார். கதவு நிலையிற் பொருத்திய முளையிற் கட்டில் முழுவதும் சுழன்று சிற்றறையினுள் செல்லுமாறும் ஒரு வகை செய்தார். இவற்றினும் முதன்மையானது எதிர்நிறை. மெத்தையோடு கூடிய கட்டிலின் பாரத்தை ஒவ்வொரு காலையிலும் மாலையிலும் ஒருவர் தூக்கி இறக்கல் எளிதன்று; கை தவறினால் ஊறு நேரும். மேர்பியின் கட்டில்களில் இழுப்புடைய சுருள்விற்கள் பொருத்தப்பட்டன. கட்டில் கிடையாக இறங்கும்போது அதன் பாரம் பிணைச்சலைப் பற்றி முழுமையாக அழுத்துகின்றது; அப்பொழுது வில்லும் முழுமையாக இழுபட்டு எதிர்க்கின்றது. கட்டில் நிமிர நிமிரப் பாரத்தின் அழுத்தம் குறைகின்றது. வில்லின் இழுவையும் அவ்வாறே தளர்கின்றது. செங்குத்தாக நின்றபின் இரண்டும் அடங்குகின்றன. இந்த ஒப்பே அவர் பொருளை ஏனையோர் பொருள்களினின்றும் வேறுபடுத்தியது.

1900ஆம் ஆண்டில் அவர் சான் பிரான்சிஸ்கோவிலே சுவர்க்கட்டில் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1906ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் அதிகாலையில் அந்நகரைப் பூகம்பம் தாக்கியது. தொடர்ந்து எழுந்த தீ சில நாள்கள் எரிந்தது. 28,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. நகர மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். அழிந்த நகரம் மீண்டும் எழுந்தபோது, அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின. நிலம் சுருங்கிற்று, வாடகை உயர்ந்தது, அறைகள் சிறுத்தன. அத்தகைய வீடுகட்குச் சுவர்க்கட்டில் பொருந்துவதாயிற்று. கட்டடம் எழுப்புவோர், ஓர் அறையை இரண்டாகப் பயன்படுத்தலாம் என்பதைக் கண்டு, வீடு கட்டும்போதே அதற்கு இடம் விட்டுக் கட்டினர். ஓர் இளைஞரின் தனித்துயரத்திற் பிறந்த பொருள் ஒரு நகரத்தின் பொதுத்துயரத்திற்கு உதவியது.

1916ஆம் ஆண்டு சாளி சப்ளின் ஒரு குறும்படம் செய்தார். நள்ளிரவு கடந்து வீடு திரும்பும் குடிமகன் ஒருவனாக அவர் அதில் தோன்றுவார். படத்தின் பிற்பகுதி முழுவதும் அவருக்கும் சுவர்க்கட்டில் ஒன்றுக்கும் நடக்கும் போரே. கட்டில் இறங்கமாட்டாது, இறங்கினால் நில்லாது, அவரையும் சுருட்டிக்கொண்டு மேலேறும். ஈற்றில் அவர் குளியற்றொட்டியிற் சென்று துயில்வார். ஒரு பொருளை வைத்து நகையாடவேண்டின், அப்பொருளை அவையோர் யாவரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். சுவர்க்கட்டில் அத்துணைப் பரந்துவிட்டது என்பதற்கு இப்படமே சான்று.

1925இல் மேர்பி தம் நிறுவனத்தின் தலைமையிடத்தை நியூயோர்க்கு மாற்றினார். 1920களும் 1930களும் அவருடைய தொழில் ஓங்கிய காலம். பின்னர் இரண்டாம் உலகப்போர் வந்தது. உருக்குப் போர்க்கருவிகட்கே வேண்டப்பட்டது. கட்டிற்கு வேண்டிய வில்லுக்கும் சட்டத்துக்கும் கிடைப்பது அரிதாயிற்று. போர் முடிந்ததும் வீரர்கள் ஊர் திரும்பினர். நகர்ப்புறங்களில் முற்றமும் தனியறைகளும் கொண்ட வீடுகள் ஆயிரமாயிரமாக எழுந்தன. இடம் பெருகிய நாட்டில் இடத்தைச் சுருக்கும் பொருளை விரும்புவார் குறைந்தனர். தாம் ஆக்கிய பொருள் வழக்கு வீழ்ந்துகொண்டிருந்ததைக் கண்ட முதுமையில், 1957ஆம் ஆண்டு மேர்பி காலமானார். தொழில் மகனிடமும், பின்னர்ப் பேரனிடமும் சென்றது. 1970களின் பின் நகர வாடகைகள் மீண்டும் ஏறவே, மக்கள் மீண்டும் சுவர்க்கட்டிலை நாடினர். தொழில் உயிர்பெற்றது. அதனைக் காண அவர் இருக்கவில்லை.

மேர்பியின் வாழ்வு அவர் இறந்த ஆண்டோடு முடிந்துவிடவில்லை. அவர் பெயருக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இலக்கணம் கற்போர் அதனைச் சுவைப்பர். அமெரிக்க மக்கள் யாவர் செய்த சுவர்க்கட்டிலையும் மேர்பிக் கட்டில் என்றே சொல்லத் தலைப்பட்டனர். வேறொரு நிறுவனம் அப்பெயரை வழங்கவே, மேர்பியின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1989ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கை ஆராய்ந்தது. அகராதிகளிலும் செய்தித்தாள்களிலும் அச்சொல் எவ்வாறு வழங்குகின்றது என்பது நோக்கப்பட்டது. அது கட்டில் வகை ஒன்றின் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ஆதலின் வணிகக் குறியாக அதனை ஒருவர் தமக்கே உரியதாக்கல் இயலாது என்பதே முடிபு.

நன்னூலார் ஆகுபெயர் வகைகளைக் கூறுமிடத்துக் கருத்தாவின் பெயர் அவன் ஆக்கிய பொருளுக்கு ஆதலையும் சேர்த்துரைக்கின்றார். திருவள்ளுவரைக் கற்றான் என்னுமிடத்து நூலாசிரியர் பெயர் நூலுக்கு ஆகிவந்தது. மேர்பியை இறக்கினேன் என்று ஓர் அமெரிக்கர் கூறினால் அதுவும் அவ்வகையினதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. திருவள்ளுவரின் பெயர் நூலுக்கு ஆகிய பின்னும் அவரையே உணர்த்தி நிற்கின்றது. மேர்பியின் பெயரோ பிறர் செய்த பொருள்கட்கும் ஆகி, அவரை உணர்த்துவதை விட்டுவிட்டது. அப்பெயரை வழங்குவோரிற் பலர், என்னைப்போல, அப்படி ஒருவர் இருந்ததையே அறியார். நிறுவனத்துக்கு அது இழப்பே. ஆயினும், ஒரு மனிதர் செய்த பொருள் மக்கள் நாவிற் பொதுச்சொல்லாகிக் கலந்துவிடுதல் எளிதிற் கிட்டும் பேறு அன்று. அவருக்கு நட்டமும் புகழும் ஒரே தீர்ப்பில் வந்தன.

இனி, எங்கள் கட்டிலுக்கு வருவேன். மேர்பியின் அறிவை யான் முழுதும் உணர்ந்தது ஏட்டினால் அன்று, எங்கள் தவறுகளினாலேயே. ஆறேகால் அடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட கட்டிலைக் காற்பக்கமாகத் தூக்கி நிறுத்தலாம் என்று முதலில் எண்ணினோம். தச்சர் துலாவை நினைத்துக்கொண்டார். துலாவின் அடிப்புறத்திற் பாரம் ஏற்றினால் வாளி எளிதில் ஏறுவதுபோல, கட்டிற்சட்டத்தைப் பிணைச்சலுக்கு அப்பால் ஓரடி நீட்டி அதில் இரும்பு கட்டலாம் என்றார். நல்ல எண்ணமே. கணக்குப் பார்த்தேன். மெத்தையோடு கட்டில் 40 கிலோ. அதன் நடுவிடம் பிணைச்சலிலிருந்து ஏறத்தாழ மூன்றடி. ஆகவே ஓரடித் தொலைவிற் கட்டவேண்டிய இரும்பு 120 கிலோ. எங்கள் பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அருகே அத்தனை பாரத்தை ஊசலாட விட எனக்குத் துணிவில்லை. மேர்பி இரும்பை விட்டுச் சுருள்வில்லை ஏன் நாடினார் என்பது அன்று விளங்கிற்று.

பின்னர்க் கட்டிலை நீளப்பக்கமாகப் பிணைத்தோம். நடுவிடத்தின் தொலைவு மூன்றடியிலிருந்து ஒன்றரை அடியாயிற்று. பாரப்பலகையை நீக்கி ஒட்டுப்பலகை இட்டு, மெல்லிய மெத்தை கொண்டு, பாரத்தை 30 கிலோவாக்கினோம். 120 என்று நின்ற கணக்கு 45 ஆகக் குறைந்தது. விற்கள் வாங்கிப் பூட்டினோம். மூன்றாம் நாள் மாலை, மாணவர் வருமுன்னர், கட்டில் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வீழ்ந்தது. எவர்க்கும் ஊறில்லை, ஒரு கதிரையின் கால் முறிந்தது. பிழை தச்சருடையது அன்று, அவசரப்படுத்திய என்னுடையது. பழஞ்சுவரின் சாந்திலே திருகாணி பிடிக்கவில்லை. அரைமணி பிந்தி அது வீழ்ந்திருப்பின் அதன் கீழே இருந்திருப்பது அந்த நனைந்த ஏட்டுக்குரிய மாணவியே. அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. சுவரிற் சரியாகப் பொருத்தாத கட்டிலால் உயிரிழப்பு நேர்ந்ததும் உலகில் உண்டு. ஆதலின் இதனைச் செய்ய விரும்புவோர்க்கு ஒன்று கூறுவேன். வில்லையும் மரத்தையும் பற்றி எண்ணுமுன்னர்ச் சுவரைப் பற்றி எண்ணுக.

தச்சர் பொறுமையோடு மீண்டும் தொடங்கினார். நிலத்திலிருந்து எழும் தடித்த மரச்சட்டகம் ஒன்றை நாட்டி, சுவரை ஊடுருவும் ஆணிகளால் அதனைப் பூட்டி, சுவரின் புறத்தே இரும்புத் தகடுகள் வைத்து முடுக்கினார். சட்டகமே கட்டிலைத் தாங்கியது. விற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, இறங்கிய நிலையிற் கட்டில் தானாக எழாது, தூக்கும்போது கைக்குப் பாரமும் ஆகாது நிற்குமாறு செய்தார். நிமிர்ந்தபின் வீழாதிருக்க இரு பக்கத்தும் தாழ்ப்பாள் இட்டார். நிமிர்ந்த கட்டிலின் அடிப்பலகை அறையை நோக்கி நின்றது. அதனை என் செய்வது என்று யான் எண்ணிக்கொண்டிருக்கையில், அவரே கறுப்பு மை பூசிவிட்டார். இரவில் என் கட்டிலின் அடிப்புறம். பகலில் மாணவரின் கரும்பலகை.

அதனை முதலிற் சோதித்தவர் என் தாயார். உள்ளறையிலிருந்து மெல்ல நடந்து வந்து, ஒரு கையாற் கட்டிலின் விளிம்பைத் தொட்டு உயர்த்தினார். அது அவர் கையோடு எழுந்து சுவரிற் சேர்ந்தது. அவர் ஒன்றும் கூறவில்லை; தாழ்ப்பாளைத் தாமே இட்டார். எனக்கு 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதி நினைவுக்கு வந்தது. வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவிற் புறப்பட்ட காலம். தென்மராட்சிப் பாடசாலை ஒன்றின் வகுப்பறையில் நான்கு குடும்பங்கள் சேலைகளை மறைப்பாகக் கட்டி வாழ்ந்தோம். அங்கும் விடியுமுன் பாய்களைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவார் என் தாயார். பிறர் வரும் இடத்திற் படுக்கை கிடத்தலாகாது என்பது அவர் கொள்கை. அவர் சுருட்டிவைத்த பாய்கள் விட்ட இடத்திலேதான் அந்நாளில் யான் பிள்ளைகள் சிலரை இருத்தி எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஊர் இழந்தோம், வீடு இழந்தோம். அந்த ஒழுங்கை மட்டும் அவர் இழக்க விடவில்லை.

ஆகவே மேர்பியின் வாழ்வைப் படித்தபோது அவர் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை. புஷ் வீதியின் ஒற்றை அறையிற் கதவு நிலையும் பழைய பிணைச்சலும் கொண்டு அவர் தேடியதும், வகுப்பறை மூலையிற் பாயைச் சுருட்டி நிறுத்தி என் தாயார் தேடியதும் ஒன்றே. இடம் சிறிதாயினும் வருவோரை மதிப்போடு இருத்த வேண்டும் என்பதே அது. மேர்பி தம் தேடலைப் பிறர்க்கும் உதவும் பொறியாக்கினார். அதனால் அவர் பெயர் நின்றது. என் தாயார் போன்றோர் பெயர்கள் எப்பதிவிலும் இல்லை. அவர்களும் அவ்வழியினரே.

தச்சர் கூறிய பெயரை விடுத்து, யான் இதனை மடிகட்டில் என்று அழைக்கின்றேன். வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டு வேண்டும்போது மாணவர்க்கு அதனையே காட்டுவேன். மடித்த கட்டில், மடிக்கின்ற கட்டில், மடிக்கும் கட்டில் என மூன்று காலமும் அச்சொல்லில் மறைந்து நிற்கின்றன என்று, அக்கட்டிலின் அடிப்புறத்திலேயே வெண்கட்டியால் எழுதிக் காட்டுகின்றேன். இப்பொழுது பன்னிருவர் முன்னறையில் இருக்கின்றனர். மாரி வந்தது, ஏடுகள் நனையவில்லை.